29 வாரத்தில் பிறந்த குழந்தை சிபாப் கருவிக்குப் பழகிவிடுமா?

உங்கள் மகள் 29 வாரத்தில் பிறந்து 16 நாள்களாக சிபாப்பில், அதாவது மூக்கு வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் தரும் கருவியில், இருக்கிறாள் என்றும், ‘கருவிக்குப் பழகிவிட்டால் பிள்ளை தானாக மூச்சு விடாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லள். 2015 ஜூலையில் இங்கே சிங்கப்பூரில் 28 வாரத்தில், 1,060 கிராம் எடையில் மகனைப் பெற்று, இதே பேச்சைக் கேட்டவள் என்ற தகுதியில் மட்டுமே எழுதுகிறேன்.

பழகாது. சிபாப் குழந்தைக்குப் பதிலாக மூச்சு விடும் கருவி அன்று. இழுப்பதும் விடுவதும் அவளேதான். நுரையீரலின் காற்றறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் வழவழப்பான பொருள். அது கருவில் ஏறத்தாழ 24 வாரத்தில் ஊறத் தொடங்கினாலும், 34, 35 வாரத்தில்தான் போதிய அளவை எட்டுகிறது. அதுவரை தேக்கா சந்தையின் ஈரமான பிளாஸ்டிக் பைகளைப் போல அறைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சிலும் அவற்றைப் பிரித்தே குழந்தை களைத்துவிடும். சிபாப்பின் காற்றழுத்தம் அறைகளை ஒட்டவிடாமல் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். என் மகனுக்கு வைத்திருந்தது குமிழிவிடும் வகை. குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. அந்த ஆழம்தான் அழுத்தத்தின் அளவு. நாள் முழுதும் உலை கொதிப்பது போன்ற ஓசை. அது நின்றால் மூக்கிலிருந்து குழாய் நழுவியிருக்கிறது என்று பொருள் என்பதைத் தாதியர் சொல்லித்தான் அறிந்தேன்.

‘அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமல் பிள்ளைகள் பிழைக்கவில்லையா?’ என்றார் என் மாமியார். ‘பிழைக்கவில்லை, அத்தை’ என்றேன். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகனே, ஐந்தரை வாரம் மட்டுமே முந்திப் பிறந்தும், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும் இந்தக் கோளாறால் இரண்டு நாள் முடிவதற்குள் இறந்தான்; பச்சிளங்குழந்தைகளுக்கு சிபாப் பயன்பட்ட செய்தி 1971இல்தான் வெளிவந்தது. என் மகனுக்குத் தினமும் கஃபீன் கொடுத்ததைக் கேட்டு அவர் இன்னும் கலங்கினார். கோப்பிக் கடைச் சமாச்சாரம் அன்று, மூச்சு விட மறந்துபோகும் மூளையைத் தட்டியெழுப்பும் மருந்து என்று விளக்க ஒரு மாலை ஆனது.

கருவில் இருந்த வாரங்களையும் சேர்த்து 34 வாரம் ஆனபோது சிபாப்பை எடுத்தார்கள். முதல் முறை ஒரே இரவில் மறுபடி வைக்க நேர்ந்தது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் என்னை உண்மையில் அலைக்கழித்தது வீடு திரும்பிய பிறகுதான். செப்டம்பர் நடுவில் அவனை அழைத்து வந்தோம்; என் 16 வார மகப்பேற்று விடுப்பில் 10 வாரம் அதற்குள் இன்குபேட்டர் அருகிலேயே கரைந்திருந்தது என்பது இன்றும் ஆறாத தனிக்கதை. வெளியே இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம், 25ஆம் தேதி பள்ளிகளையே மூடினார்கள். நாங்கள் சன்னலிடுக்குகளில் ஈரத்துணி செருகிவிட்டு, பிஎஸ்ஐ என்னும் காற்றுமாசுக் குறியீட்டை மணிக்கொருமுறை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படி அடைத்த வீட்டுக்குள், குழந்தையைக் குளிப்பாட்டியதும் தூபக்காலில் கரி கனன்றது. அத்தை சாம்பிராணி போட ஆயத்தமாக இருந்தார்.

நான் கத்தியது தவறுதான். மரபை மதிக்காதவள் என்று எழுத வருவோர் என் வீட்டுப் பூசையறையைப் பார்த்ததில்லை. ஆனால் குறைமாத நுரையீரலுக்கு ஊதுவத்தியோ சிகரெட்டோ இந்தோனேசியக் காட்டுத்தீயோ, எல்லாம் புகைதான். தலை ஈரம் போக வேண்டும் என்பதுதானே உங்கள் கவலை என்று கேட்டு, மெல்லிய துண்டை வெதுவெதுப்பாக்கிக் கையில் கொடுத்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், சிகரெட் பிடித்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கக் கைநீட்டிய என் மைத்துனரை, ‘சட்டையை மாத்திட்டு வாடா’ என்று வாசலிலேயே நிறுத்தியவர் அவர்தான்.