மாஜிஸ்திரேட் உத்தரவும் கீழ்ப்பாக்கமும்

கேள்வி: என் தாத்தாவின் தம்பி பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றியவர். அவரை 1938ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் சேர்க்கச் சொல்லும் மாஜிஸ்திரேட் உத்தரவு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. மனநோய் இல்லாதவரை ஏன் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்?
– வாசகர் ஒருவர், குத்தாலம்

பதில்: உங்கள் வீட்டார் சட்டத்தை மீறவில்லை, சட்டமே அப்படித்தான் இருந்தது. 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம், சித்தம் கலங்கியவரையும், அன்று 'இடியட்' என்று எழுதப்பட்ட பிறவிக் குறைபாடு உள்ளவரையும் 'லூனடிக்' என்ற ஒரே சொல்லில் அடக்கியது. வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் 1794இல் சென்னையில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்ததும், 1871இலிருந்து கீழ்ப்பாக்கத்தில் இயங்கி வருவதுமான அந்த அரசு நிறுவனத்தின் வாசலுக்கு இரு சாராரும் அதனால்தான் வந்து சேர்ந்தார்கள். (ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட கொடுமை வேறு.)

ஒருவரை அங்கே சேர்க்க, உறவினர் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய 14 நாட்களுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள் வேண்டும். உள்ளே போவதைவிட வெளியே வருவதில்தான் சிக்கல் இருந்தது. மனுக் கொடுத்தவரே எழுதிக் கேட்டால், ஆபத்தானவர் என்று மருத்துவ அதிகாரி சான்றளித்தாலொழிய, விடுவித்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. மனநோயாளிக்காவது 'குணமாகிவிட்டது' என்று சொல்லக்கூடிய ஒரு நாள் வரலாம். பிறவிக் குறைபாட்டுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. மனுக் கொடுத்த அண்ணன் காலமாகிவிட்டால், மருத்துவமனையை மேற்பார்வையிட நியமிக்கப்பட்ட பார்வையாளர் குழு மனம் வைத்தால்தான் விடுதலை உண்டு. ஆகவே, குற்றம் கண்டுபிடிப்பதானால், சேர்த்தவர்களைவிடப் பிறகு போய்க் கேட்காதவர்களிடம்தான் நான் கண்டுபிடிப்பேன்.

இந்தக் கலப்பு நீங்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1987இல் இயற்றப்பட்டு 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம்தான், மனவளர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ளவரை மனநோயாளி என்ற வரையறையிலிருந்து விலக்கியது. இடையில், 1984இல், இவர்களுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் செகந்திராபாத்தில் தொடங்கப்பட்டது.

1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடு உடையவர் 18 வயதைக் கடந்த பிறகு அவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவுக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். 1938இல் தஞ்சாவூர்க் கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட்டும் ஆவார். அப்படி ஒருவரை வீட்டிலிருந்து சென்னைக்கு அனுப்பக் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. வீட்டிலேயே ஒருவரைப் பொறுப்பாக்குவதற்கான கையெழுத்து இன்று அதே பதவியில் இருப்பவருடையது. குத்தாலத்தார் அதற்குத் தஞ்சாவூர் போக வேண்டியதுமில்லை. 2020இலிருந்து மயிலாடுதுறையே மாவட்டத் தலைநகர்.

நீங்கள் சொல்லும் உத்தரவோடு அந்த இரண்டு சான்றிதழ்களின் நகல்களும் மனுவும் வைக்கப்பட்டிருக்கக்கூடும். மனுவில் யார் கையெழுத்திட்டார் என்பது அதில் தெரியும். பரணை இன்னொரு முறை துழாவிப் பாருங்கள்.