'பிஸா': 'முடியும்' என்றும் 'நஞ்சு' என்றும் வருவது ஏன்?

வணக்கம். "பிஸா ஊலார் பிஸா மெம்புனூ" என்ற இந்தோனேசிய வரியில் ஒரே சொல் இருமுறை வந்து குழப்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். "பாம்பின் நஞ்சு கொல்லக்கூடும்" என்பதே பொருள். முதல் பிஸா நஞ்சு, இரண்டாவது 'முடியும்'.

இவை ஒரே சொல் அல்ல, எழுத்தில் ஒன்றுபோலாகிவிட்ட இரண்டு சொற்கள். நஞ்சைக் குறிப்பது சமஸ்கிருத 'விஷ'. நம் 'விஷம்', 'விடம்' எல்லாம் அதன் உறவுதான். 'முடியும்' என்பது ஜாவா மொழியிலிருந்து வந்தது. மலேசியாவில் அந்த இடத்தில் 'போலே' என்பார்கள். இந்தோனேசியாவிலோ போலே பெரும்பாலும் அனுமதியைக் குறிக்கும், அதாவது 'செய்யலாம்'.

பிரித்தறிய, அடுத்த சொல்லைப் பாருங்கள். வினை வந்தால் 'முடியும்'. ஊலார் (பாம்பு) போல உயிரினப் பெயர் வந்தால் நஞ்சு. முன்னால் 'தீடாக்' இருந்தால் 'முடியாது'. 'பெர்பிஸா' என்றால் கடித்தோ கொட்டியோ நஞ்சேற்றும் உயிர். நச்சுக் காளானுக்கு அது பொருந்தாது, அங்கே 'பெராச்சுன்' என்று எழுத வேண்டும். மொழிபெயர்ப்பில் அதிகம் தவறுவது இங்கேதான்.

'பியாஸா'வையும் இதோடு கலக்காதீர்கள். அது 'வழக்கமான' என்ற பொருளில் வருவது, 'அப்யாஸ'விலிருந்து பிறந்தது, நம் அப்பியாசமேதான். "ஆலா பிஸா தெகால் பியாஸா" என்ற அழகான பழமொழியில் இரண்டும் சேர்ந்து வரும்: பழகப் பழக நஞ்சும் தோற்கும். அங்கே பிஸாவை 'முடியும்' என்று படித்தால் பழமொழியின் உயிரே போய்விடும்.