வாசகர் கேள்வி, சட்டப் பதில்: தடையுத்தரவு, ஊர்வலம், கண்ணீர்ப்புகை

கேள்வி: காணி விடுவிப்புக் கேட்டுப் பிரதேச செயலகத்தின் முன் அமர்ந்திருந்தோம். பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்து, நீதிமன்றக் கட்டளை இருக்கிறது, கலைந்து போங்கள் என்று ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். வாசிக்கத் தரவில்லை. அதில் ஐந்து பேரின் பெயர் இருந்ததாகப் பின்னர் அறிந்தோம். என் பெயர் இல்லை. நானும் எழுந்து போக வேண்டியிருந்ததா?
(வாசகி, முள்ளியவளை)

பதில்: நினைவேந்தல்கள் நடக்கும் மே மாதமும் நவம்பர் மாதமும் நெருங்கும்போது வன்னியிலிருந்து வரும் கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. அந்தத் தாள் பெரும்பாலும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ் நீதவான் வழங்கிய கட்டளையாக இருக்கும். பொதுத்தொல்லை பற்றிய ஏற்பாடுகளுக்கிடையில் அவசர நிலைமைகளுக்கென வைக்கப்பட்ட பிரிவு அது. பாதையை மறித்தல், உயிருக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்து விளைதல், கலகம் மூளுதல் ஆகியவற்றைத் தடுப்பதற்காக, ஒரு செயலைச் செய்யாதிருக்குமாறு நீதவான் பணிக்கலாம். அவசரம் என்று கூறப்படுமிடத்து எதிர்த்தரப்பை அழைக்காமலும் பணிக்கலாம். அதாவது, பொலிஸார் சொன்னதை மட்டுமே கேட்டு அக்கட்டளை பிறந்திருக்கக்கூடும்.

இக்கட்டளை ஒன்றில் பெயர் குறிப்பிட்ட ஆட்களை நோக்கியதாக இருக்கும், அல்லது குறித்ததோர் இடத்துக்கு வந்துபோகும் பொதுமக்களை நோக்கியதாக இருக்கும். முதலாவது வகையென்றால், பெயர் இல்லாத உங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது வகையென்றால், அந்த இடத்தில் இருக்கும் எவரையும் கட்டுப்படுத்தும். ஆகவே, வாசிக்கத் தராத தாளை வைத்து எவரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. எத்தனையாம் பிரிவு, எந்த நீதிமன்றம், எந்தத் திகதி, எந்த இடம், எவருடைய பெயர்கள், எச்செயல் தடுக்கப்பட்டது என்பவற்றை அமைதியாகக் கேளுங்கள். தாளைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால், மறுத்தவரின் பதவியையும் சீருடையில் உள்ள இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால், கட்டளையைத் தமிழிலேயே பெற முடியும். கட்டளை உங்களைக் கட்டுப்படுத்துமானால், அது தவறானது என்று நீங்கள் நினைத்தாலும் வீதியில் அதை மீறாதீர்கள், மீறுவது தனிக்குற்றம். அதை எதிர்க்கும் இடம் நீதிமன்றம். வழங்கிய நீதவானே அதை நீக்கவோ திருத்தவோ முடியும். சட்டத்தரணி மூலம் அன்றைக்கே நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் ஒரு கோரிக்கையை முன்வைக்கும் எழுத்து) தாக்கல் செய்யலாம். எப்படியும் பதினான்கு நாட்களுக்கு மேல் அக்கட்டளை நிலைத்திருக்காது. பொலிஸார் கேட்ட தடையை வடக்கின் நீதிமன்றங்கள் மறுத்த நவம்பர்களும் உண்டு என்பதால், நீதிமன்றம் போய் என்ன பயன் என்ற சலிப்புக்கு நான் உடன்படுவதில்லை.

கேள்வி: ஊர்வலம் செல்லப் பொலிஸாரின் அனுமதி பெற வேண்டுமா?
(இளைஞர் கழகச் செயலாளர், மாங்குளம்)

பதில்: பெற வேண்டியது அனுமதி அன்று, கொடுக்க வேண்டியது அறிவித்தல். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், 77ஆம் பிரிவில், ஊர்வலம் தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலங்களுக்கு முன், தொடங்குமிடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. பொது ஒழுங்கைக் காரணம் காட்டி ஊர்வலத்தைத் தடைசெய்யவோ நிபந்தனை விதிக்கவோ அதே பிரிவு இடமளிக்கிறது. எனினும் அந்த அதிகாரம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவருக்கே உரியது. கடிதத்தின் இரண்டாவது பிரதியில் கையொப்பமும் முத்திரையும் நேரமும் வாங்கி வையுங்கள். ஒரே இடத்தில் அமர்ந்து நடத்தும் கவனயீர்ப்புப் போராட்டம், ஊர்வலம் ஆகாது.

கேள்வி: ஜனாதிபதி வந்தபோது எங்கள் பதாகைகளுடன் நாங்கள் நின்ற இடத்துக்கு முன்னால் வீதித்தடை போட்டு, பேருந்து ஒன்றையும் குறுக்கே நிறுத்தி மறைத்துவிட்டார்கள். இது சட்டத்துக்கு உட்பட்டதா?
(காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயார், வவுனியா)

பதில்: அம்மா, 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் உங்களுக்குப் பொலிஸாரின் வழிமுறைகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, சட்டம் சொல்வதை மட்டும் தருகிறேன். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாகக் கூடும் சுதந்திரத்தையும் தருகிறது. 15ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அவற்றை மட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆனால் அம்மட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். முக்கியப் பிரமுகரின் பாதுகாப்புக்காக இடைவெளி விடச் சொல்வதை நீதிமன்றம் ஏற்கலாம். பதாகையை அவர் காணக்கூடாது என்பதற்காகவே பேருந்தை நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 21ஆம் உறுப்புரையை 2020இல் விளக்கிய ஐ.நா. மனித உரிமைகள் குழு, போராட்டம் யாரை நோக்கியதோ அவரது பார்வைக்கும் செவிக்கும் எட்டும் இடத்தில் அது நடைபெற இயன்றவரை வழிவிட வேண்டும் என்றது. அந்த விளக்கத்தை வைத்து இங்கு நேரடியாக வழக்காட முடியாது. ஆயினும் 14ஆம் உறுப்புரைக்குப் பொருள் காணும்போது சட்டத்தரணிகள் அதை எடுத்துக்காட்டலாம். நம் உயர் நீதிமன்றமும் பின்தங்கியிருக்கவில்லை: 1992இல் அரசுக்கு எதிராகப் பறையடித்தும் ஓசை எழுப்பியும் நடந்த ‘ஜன கோஷா’ போராட்டத்தைப் பொலிஸார் தடுத்த வழக்கில், அவ்வாறு ஓசையெழுப்புவதும் பேச்சுச் சுதந்திரமே என்று மறு ஆண்டு தீர்ப்பளித்தது.

கேள்வி: கண்ணீர்ப்புகை அடிப்பதற்கு முன் எச்சரிக்க வேண்டுமா? புகை பட்டால் என்ன செய்வது?
(பல்கலைக்கழக மாணவர், கிளிநொச்சி)

பதில்: சட்டவிரோதக் கூட்டத்தை, அல்லது அமைதிக்குப் பங்கம் விளைக்கக்கூடிய ஐந்து பேருக்குக் குறையாத கூட்டத்தை, கலைந்து போகுமாறு நீதவானோ பரிசோதகர் தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரியோ முதலில் கட்டளையிட வேண்டும் என்றும், கலையாவிட்டால் மட்டும் நியாயமான அளவு பலம் பிரயோகிக்கலாம் என்றும் முதல் பதிலில் சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 95ஆம் பிரிவு கூறுகிறது. எனவே சிங்களத்தில் மட்டும் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு அடுத்த நிமிடமே புகைக்குண்டு எறிவது அந்தப் பிரிவின் நோக்கத்துக்கு ஒவ்வாது. குண்டை ஆளின் தலைக்கோ மார்புக்கோ நேராகச் சுடுவதும், மூடிய இடத்துக்குள்ளோ தப்பிச் செல்ல வழியில்லாத கூட்டத்துக்குள்ளோ எறிவதும் சர்வதேச வழிகாட்டல்களுக்கு முரணானவை. துப்பாக்கியைப் பொறுத்தவரை, 1990ஆம் ஆண்டின் ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள், உடனடி உயிராபத்தோ கடுங்காயமோ நேரும் நிலையில் மட்டுமே அதற்கு இடமளிக்கின்றன.

புகை பட்டால் காற்று வரும் திசையை நோக்கி விலகுங்கள். கண்ணைக் கசக்காமல், நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் தொடுவில்லை (கொன்டாக்ட் லென்ஸ்) அணிந்திருந்தால் சுத்தமான கையால் கழற்றிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் முன்வரிசையில் நிறுத்தாதிருப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. காயம் எதுவாயினும் அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, நோயறிகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கைதாகிச் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட்டேன். இனி என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நெடுங்கேணி)

பதில்: கைதுக்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தியிருக்க வேண்டும். வடக்கில் நிர்வாக மொழியும் தமிழே என்பதால், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கோரவும், விளங்காத தாளில் கையொப்பமிட மறுக்கவும் உங்களுக்கு உரிமை இருந்தது. கையொப்பமிட்டாகிவிட்டது என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை: அதை வாசித்துக் காட்டவில்லை என்பதை முதல் தவணையிலேயே சட்டத்தரணி மூலம் நீதவானிடம் பதிவுசெய்யுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலேயே, 2024 மார்ச்சில், வெடுக்குநாறிமலையில் சிவராத்திரி இரவு கைதான எட்டுப் பேரையும் வவுனியா நீதவான் நீதிமன்றம் அம்மாதத்துக்குள்ளேயே விடுவித்ததை அறிந்திருப்பீர்கள்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆனால் முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடப்பதற்குச் சான்று வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் மனுக்களைத் தள்ளியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டையும் செய்து, ஆணைக்குழுவின் கடிதத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கி, ஒரு மாதத்துக்குள் மனுவையும் தாக்கல் செய்துவிடுங்கள். கொழும்புச் செலவுக்கு வழியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் உங்கள் மாவட்ட அலுவலகத்தை நாடலாம். அடையாள அட்டைப் பிரதியுடன் பிணைப் பத்திரத்தின் பிரதியையும் கொண்டு செல்லுங்கள்.