சோக் போட்டால் மட்டும் ஓடும் ஏ.டி.வி.: கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

மாந்தோப்பில் ஆறு மாதம் நின்ற ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓடும் வண்டி), சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் அமைப்பு) இழுத்தால் மட்டுமே ஓடுகிறது, புது கார்புரேட்டர் வாங்கலாமா என்று குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சிறு பித்தளைக் குழல்) அடைப்புதான் காரணம். நம் வேலூர் வெயிலில் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படிந்துவிடும். அந்த ஜெட்டின் துளையோ ஏறக்குறைய 0.4 மி.மீ. தான்.

என்ஜின் ஆறியபின், பெட்ரோல் திருகை மூடி, கிண்ணத்தை வடித்துக் கழற்றுங்கள். மிதவையின் ஊசி வால்வு (கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடுவது) மிகச் சிறியது; கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மணலில் துழாவியிருக்கிறேன். கலவைத் திருகை (காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்வது) எடுக்குமுன் அதை மெதுவாக உள்ளே முழுவதும் திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஓர் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, பஞ்சர் கடையில் காற்றடித்து வாங்குங்கள். குண்டூசியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும். மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழை போதும். ரப்பர் வளையங்களில் கிளீனர் பட்டால் உப்பிவிடும், முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

ஊசி வால்வின் நுனியில் வளையமாகத் தேய்ந்திருந்தால் ரிப்பேர் கிட் வாங்குங்கள். வெளிக்கூடு விரிசல் விட்டிருந்தாலோ, த்ராட்டில் ஸ்லைடு (ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கும் பாகம்) தேய்ந்து ஆடினாலோதான் புதியது.