பொதுவில் வைத்த நிரலுக்கு உரிமம் எதற்கு?

கேள்வி: படங்களின் அளவைச் சுருக்கும் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி, அதன் மூல நிரலை ஓராண்டுக்கு முன்பு நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். இருவர் பிழைகளைத் திருத்தி அனுப்ப, அவற்றையும் சேர்த்துக்கொண்டேன். அண்மையில் ஒரு நிறுவனத்தின் நிரலர், உரிமம் எதுவும் இல்லாததால் அதைப் பயன்படுத்தத் தங்கள் சட்டப் பிரிவு சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தார். பொதுவில் வைத்ததே அனுமதி ஆகாதா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆகாது. பதிப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடுகளில், ஒரு படைப்பு எழுத்தில் வந்தவுடனேயே, எங்கும் பதிவு செய்யாமலே, பதிப்புரிமை அதை எழுதியவரைச் சேர்ந்துவிடுகிறது, நிரலும் அவ்வாறே. ஆகவே நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், படியெடுக்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் உங்களைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை என்றே சட்டம் கொள்ளும். கிட்ஹப்பின் விதிகள் பிற பயனர்களுக்குத் தருவது, அந்தத் தளத்துக்குள் உங்கள் நிரலைப் பார்க்கவும் தம் கணக்கில் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவும் உள்ள அனுமதியை மட்டுமே. அந்தச் சட்டப் பிரிவு சொன்னது சரி.

உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், திருத்தம் அனுப்பிய இருவருக்கும் எழுதுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரிமம் உள்ள களஞ்சியத்தில் (ஒரு மென்பொருளின் கோப்புகள் வைக்கப்பட்டுள்ள இடத்தில்) ஒருவர் நிரலைச் சேர்த்தால் அதே உரிமத்தின்கீழ் அதைத் தருகிறார் என்று கிட்ஹப்பின் விதிகள் கொள்கின்றன. ஆனால் உங்கள் களஞ்சியத்தில் அப்போது உரிமமே இல்லை என்பதால், அவர்கள் எழுதிய வரிகள் இன்னும் அவர்களுடையவையே. ஓரிரு எழுத்துப் பிழைத் திருத்தங்களுக்குப் பதிப்புரிமை எழாது என்று வாதிடலாம் என்றாலும், இரண்டே பேர் இருக்கும்போது கேட்டுவிடுவதுதான் நேர்மையும் எளிமையும் ஆகும். காணொளிகளை இயக்கும் விஎல்சி மென்பொருளின் மையப் பகுதியை ஜிபிஎல் என்ற உரிமத்திலிருந்து, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்ற, 2011-12இல், பல ஆண்டுகளில் பங்களித்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்துச் சம்மதம் பெற வேண்டியிருந்தது. தாமதிக்கத் தாமதிக்க இந்த வேலை பெருகும்.

இனித் தேர்வு. உங்கள் பெயரும் உரிம வாசகமும் உடன் இருந்தால் போதும், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் எம்ஐடி உரிமம் பொருந்தும். அதே தாராளத்துடன், பங்களித்தவர்களின் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைகளை (பேட்டன்ட்) பயன்படுத்தவும் தெளிவான அனுமதி வேண்டுமென்றால், 2004இல் வெளிவந்த அப்பாச்சி 2.0 நல்லது, ஆனால் அதன்கீழ் உள்ள நிரலை ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் மட்டுமே உள்ள நிரலோடு சேர்த்து வெளியிட முடியாது, மூன்றாம் பதிப்போடு முடியும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் நிரலை மாற்றி வெளியிடுவோர் தம் மாற்றங்களின் மூல நிரலையும் அதே சுதந்திரத்தோடு தர வேண்டும் என்று விரும்பினால், ஜிபிஎல்தான் வழி. மூன்றும் மதிப்புக்குரியவை, என் விருப்பம் ஜிபிஎல் பக்கம் சாய்ந்தாலும், பலர் தம் மென்பொருளுக்குள் இணைத்துக்கொள்ளக்கூடிய இத்தகைய சிறு கருவிக்கு அப்பாச்சியையே பரிந்துரைப்பேன். எனினும், நீங்கள் பயன்படுத்தியுள்ள நிரல் நூலகங்களில் (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளில்) ஏதேனும் ஒன்று ஜிபிஎல்லில் இருந்தால், தேர்வு பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. அதை முதலில் பாருங்கள். பணி நேரத்தில் எழுதிய நிரல் என்றால் உரிமையாளர் உங்கள் நிறுவனமாகவே இருக்கக்கூடும் என்பதால், எழுத்தில் சம்மதம் பெறுங்கள்.

சேர்ப்பது எளிது. களஞ்சியத்தின் முதல் அடைவில் 'LICENSE' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒரு சொல்லும் மாற்றாமல் வையுங்கள். எம்ஐடி என்றால் அதன் பதிப்புரிமை வரியில் ஆண்டையும் பெயரையும் நிரப்ப வேண்டும். அப்பாச்சி, ஜிபிஎல் இரண்டிலும் உரிம வாசகத்தைத் தொடாமல், ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பில் உங்கள் பெயருடன் உரிம அறிவிப்பை எழுத வேண்டும். மென்பொருளை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பிலும் ஒரு வரி குறிப்பிடுங்கள். இந்த உரிமங்கள் எல்லாவற்றிலும் 'உத்தரவாதம் இல்லை' என்ற பிரிவு உண்டு; நிரலால் யாருக்காவது இழப்பு நேர்ந்தால் உங்களுக்குக் கவசமாக நிற்பது அதுவே.

கேள்வி: எம்ஐடி உரிமத்தோடு 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கலாமா?

பதில்: உங்கள் நிரல், உங்கள் உரிமை; சேர்க்கலாம். ஆனால் அதன்பின் அதைத் திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்), அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள், என்று அழைக்கக் கூடாது, ஏனெனில் எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்பது திறமூல வரையறையின் நிபந்தனைகளுள் ஒன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் முதல் உரிமமும் பணம் வாங்கி விநியோகிப்பதைத் தடுத்தது. 1992இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த உரிமத்தைக் கைவிட்டு ஜிபிஎல்லுக்கு மாறினார். தவிர, ஏற்கெனவே எம்ஐடியின்கீழ் வெளியிட்ட பதிப்புகளைப் பெற்றவர்களுக்கு இந்தப் புதிய வரி பொருந்தாது. அவர்கள் கையில் உள்ள படி, பழைய உரிமத்தோடேயே அவர்களிடம் இருக்கும்.