வாசகர் கேள்வி–பதில்: மலைக் குடியிருப்புக்கு ரோடு

கேள்வி: கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் இருளர் குடியிருப்பு எங்களுடையது. 140 பேர் இருக்கிறோம். ரோடு கேட்டால், ‘500 பேர் இல்லையே’ என்று மனுவைத் திருப்பிவிடுகிறார்கள். ஆள் குறைவு என்றால் ரோடே கிடையாதா ஐயா?

பதில்: உண்டு. 500 என்பது பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் வரம்பு. மலை மாநிலங்களுக்கும், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் அது 250. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் கிடையாது. அதனால் நீலகிரி மலையாக இருந்தும் சமவெளிக் கணக்கில் மாட்டிக்கொண்டது. இது பெரிய அநியாயம்.

ஆனால் உங்கள் மனுவுக்கு வேறு கதவு இருக்கிறது. மிகவும் நலிந்த பழங்குடிகளுக்காக மத்திய அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன் திட்டத்தில் 100 பேர் இருந்தாலே ரோடு கேட்கலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாருக்கும் அது பொருந்தும். மூன்று ஆண்டுத் திட்டமாக வந்தது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் குடியிருப்பின் பெயர் சர்வே பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பி.டி.ஓ. ஆபீஸில் முதலில் பாருங்கள். மனுவில் திட்டத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். வெறுமனே ‘சாலை வசதி வேண்டி’ என்று எழுதினால் பழைய 500 கணக்குக்கே போய்ச் சேரும்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒன்று: மலையில் 1.5 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்தே காட்டலாம். தனித்தனியாக மனுக் கொடுத்துத் தனித்தனியாகத் தோற்காதீர்கள்.

கேள்வி: ஒற்றையடிப் பாதையில் 1 கிலோமீட்டர்தான். இன்ஜினியர் 5 கிலோமீட்டர் ரோடு என்கிறார். எதற்கு?

பதில்: அவர் சொல்வது சரி. உங்கள் பாதை அந்த 1 கிலோமீட்டருக்குள் 300 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இறங்கலாம், டோலியும் இறங்கும். ஜீப்போ ஆம்புலன்ஸோ மழையில் ஏறவேண்டுமானால் 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம் என்ற அளவில் ரோடு போகவேண்டும். 300 மீட்டரை அப்படி இறக்கினால் 5 கிலோமீட்டர் வந்துவிடும். நடுவில் கொண்டை ஊசி வளைவுகளும் வரும்.

சிக்கல் வனநிலத்தில் வருகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், கிராம சபை பரிந்துரைத்தால் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே ரோட்டுக்கு நிலம் கிடைக்கும். ஆனால் 1 ஹெக்டேருக்குள் இருக்கவேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. 6 மீட்டர் அகலம் எடுத்தால் 1 ஹெக்டேரில் சுமார் 1,660 மீட்டர் ரோடுதான் போடலாம். 5 கிலோமீட்டருக்கு 3 ஹெக்டேர் ஆகிவிடும். அப்போது 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அனுமதி வாங்கவேண்டும், அது இழுக்கும். ஆகவே தடத்தை முடிவு செய்யும் முன்பே எவ்வளவு நீளம் காட்டுக்குள், எவ்வளவு பட்டா நிலத்தில், எவ்வளவு எஸ்டேட்டில் போகிறது என்று பிரித்து அளக்கச் சொல்லுங்கள்.

எஸ்டிமேட்டில் மலைப்பக்க வடிகாலும் குறுக்குக் குழாய்ப் பாலங்களும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தார் மேலேயே ஓடினால், முதலில் பள்ளத்துப் பக்க ஓரம் அரிக்கும், பிறகு ரோடு பாதியாக உட்கார்ந்துவிடும்.

கேள்வி: சென்சஸ் புத்தகத்தில் எங்கள் ஊர்ப் பெயரே இல்லை. ஏன்?

பதில்: சென்சஸ் வருவாய் கிராமத்தைத்தான் அச்சிடும், அதற்குள் இருக்கும் ஹட்டி (படுகர் ஊர்), மந்து (தோடர் குடியிருப்பு), காலனி எல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிடும். பஸ் வசதியும் அப்படித்தான்: கிராமத்தின் ஒரு மூலையில் பஸ் நின்றால் மொத்தக் கிராமத்துக்கும் ‘உண்டு’ என்று பதிவாகும்.

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து அடுத்த சென்சஸ் வருகிறது. கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் திருப்பூரிலோ கோவையிலோ தங்கி வேலை செய்பவர் அங்கேதான் எண்ணப்படுவார். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விடுதிக் கணக்கில் போவார்கள். 110 பேர் இருக்கும் குடியிருப்பு இப்படித்தான் 100-க்குக் கீழே இறங்கும். அதனால் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பள்ளிப் பதிவேடு மூன்றையும் வைத்து வீடுவாரியாக ஒரு பட்டியல் எழுதி, கிராம சபையில் தீர்மானமாகப் பதிந்து வையுங்கள். மனுவோடு அந்தத் தீர்மான நகலையும் இணையுங்கள்.