அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடியேறிய மோர்மன் கிறிஸ்தவ சபையினர் போரை வெறுத்தவர்களா, போருக்கு அலைந்தவர்களா?

ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். யூட்டாவின் தலைநகர் சால்ட் லேக் சிட்டி பக்கம் குடியிருப்பதால் எழுதுகிறேன். நான் மோர்மன் இல்லை, சேரும் உத்தேசமும் இல்லை. 'சபை எவ்வளவு கொடுத்தது' என்று கமெண்டில் வராதீர்கள்.

போரைவிட வாஷிங்டன் மேல், அதாவது மத்திய அரசு மேல்தான் அவர்களுக்கு அவநம்பிக்கை. 1838-ல் மிசௌரி ஆளுநர் அவர்களை ஒழிக்கணும், இல்லை மாநிலத்தை விட்டே விரட்டணும் என்று உத்தரவு போட்டார். வாஷிங்டன் வரை போய் முறையிட்டும் பலனில்லை. 1844-ல் இல்லினாய் சிறைக்குள் புகுந்த கும்பல் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அப்படியும் 1846-ல் மெக்சிகோ போருக்கு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து சுமார் 500 பேர் போனார்கள். சும்மா இல்லை, மேற்கே நகர அந்தச் சம்பளம் தேவைப்பட்டது.

1857-ல் ஜனாதிபதி புக்கானன், சபைத் தலைவர் பிரிகாம் யங்கை யூட்டா ஆளுநர் பதவியிலிருந்து தூக்கிவிட்டு, புது ஆளுநரோடு ராணுவத்தையும் அனுப்பினார். இவர்கள் நேருக்கு நேர் மோதவில்லை. லாட் ஸ்மித் என்பவர் சிறு குதிரைப்படையோடு போய் ராணுவத்தின் சரக்கு வண்டிகளைக் கொளுத்தினார். உயிரை எடுக்காதீர்கள் என்றுதான் மேலிட உத்தரவு.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வு பெற்ற வாத்தியார், ஒரு விருந்தில் அடுத்த வருஷக் கதையைப் பெருமையாகச் சொன்னார். 1858-ல் ஊரையே காலி செய்து சுமார் 30,000 பேர் தெற்கே போனார்கள். வீடுகளில் வைக்கோலைப் பரப்பி, ராணுவம் கை வைத்தால் கொளுத்த ஆள் நிறுத்தினார்கள். கட்டிக்கொண்டிருந்த சபைக் கோயிலின் அஸ்திவாரத்தை மண் போட்டு மூடி, உழுத வயல் மாதிரி ஆக்கினார்கள். ஜூனில் ராணுவம் வெறிச்சோடிய தெருக்கள் வழியே நடந்து போனது, அவ்வளவுதான்.

"1857 செப்டம்பரில் தெற்கு யூட்டாவின் மவுன்டன் மெடோஸில் நடந்ததையும் சொல்லுங்களேன்" என்றேன். கலிஃபோர்னியா போய்க்கொண்டிருந்த குடும்பங்களில் சுமார் 120 பேரை, வெள்ளைக்கொடி காட்டி வெளியே வரவழைத்து, மோர்மன் உள்ளூர்ப் படையினர் கொன்ற இடம். சிறு குழந்தைகள் 17 பேரை மட்டும் விட்டார்கள். பெரியவர் மறுக்கவில்லை. "படை வருகிற பயத்தில் இருந்தார்கள், ஆனால் அது சாக்கு இல்லை" என்றார். விருந்துக்குப் போன இடத்தில் கேட்கிற கேள்வியா என்று என் மனைவி இன்றும் திட்டுகிறாள். அவரே மறுக்காததை நான் ஏன் மறைக்கணும்?

1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் மோர்மன்கள் ஒதுங்கியே இருந்தார்கள். 1862-ல் தந்திக் கம்பியைக் காவல் காக்க லிங்கன் ஆள் கேட்டபோது நூற்றுச் சொச்சம் பேரோடு தொண்ணூறு நாள் போனவர் யார் தெரியுமா? அதே லாட் ஸ்மித்!

அப்புறம், அவர்கள் இங்கே வந்து சேர்ந்த ஜூலை 24 மாநிலத்துக்கே விடுமுறை. என் கம்பெனி தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருப்பதால் எனக்கு மட்டும் லீவு கிடையாது. ஊரே பட்டாசு வெடிக்க, நான் மீட்டிங்கில்.